முடிக்காமல் விட்ட நரி

கெல்சென்கிர்ச்சனில் அந்த வீட்டுக்கு நாங்கள் குடிபோன அன்று நல்ல வெயில். செப்டெம்பர் கடைசியில் அப்படியொரு வெயில் வருவதே அருமை. தெரிந்தவரான லோறன்ஸ் அண்ணையின் வான் வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினோம். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்காக அந்தக் காலத்தில் வரிசையாகக் கட்டிய செங்கல் வீடுகள். சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஆனால் சுவருக்குள்ளிருந்து நனைந்த கரியின் மணம் வந்துகொண்டே இருந்தது.

மேல்வீடு எங்களுக்கு. கீழ்வீட்டில் நொவாக் என்று ஒரு பொம்பிளை தனியாக இருந்தா. அறுபது வயதுக்கு மேல். வாசல்படியில் நின்று சிகரெட் புகைத்துக்கொண்டு எங்கள் கட்டில் ஏறுவதைப் பார்த்தா. பெயர் கேட்டா. யோகம் என்றேன். அவ டொச்சில், ஜெர்மன் மொழியில், சொன்னதை எங்கட பேச்சிலேயே சொல்கிறேன்.

“யோகாவோ? அப்ப நாளையிலயிருந்து நானும் தலைகீழா நிக்கோணுமோ?”

சிரித்தேன். இந்த நாட்டில் என்னோடு முதல்நாளே பகிடி விட்டவ அவ ஒருத்திதான்.

“மேல இருந்த ஹன்னலோர இந்த வருசம்தான் செத்தவ,” என்றா. “நல்ல மனிசி. ஆரோடையும் சண்டைக்குப் போகமாட்டா.”

வீட்டுக்காரன் திறப்புச் சாவியைத் தரும்போது, நிலவறையில் எங்கள் பங்குக்குரிய கம்பிக் கூட்டுக்குள் பழைய சாமான் கொஞ்சம் கிடக்கிறது, வேண்டுமென்றால் எடுங்கள், வேண்டாம் என்றால் எறியுங்கள் என்று சொல்லியிருந்தான். எங்களுக்கு அது பழக்கம். அகதியாக வந்த காலத்தில் எங்கள் கதிரை, மேசை, ரீவி எல்லாமே ரோட்டோரத்தில் மற்றவர்கள் கழித்துவிட்டதுதான். ஆர் இருந்த கதிரை என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

என் மனுசன் மதீசனுக்குப் பக்கத்து நகரமான எசனில் ஒரு றெஸ்டோரண்டில் குசினி வேலை. மத்தியானம் போனால் நாங்கள் படுத்தபிறகுதான் வருவார். நான் காலையில் ஒரு துருக்கிக்காரரின் தையல்கடையில் அரை நேரம் வேலை செய்தேன். காற்சட்டை வெட்டித் தைக்கிறது, சிப் மாற்றுகிறது. மத்தியானத்துக்குப் பிறகு நானும் மகள் ஆரணியும் மட்டும்தான்.

ஆரணிக்கு எட்டு வயது. பழைய பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மூன்று சிநேகிதிகள். புதுப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தரும் இல்லை. இடைவேளையில் சுவரோடு நிற்பாள். அவள் சொல்லவில்லை. ஒருநாள் நேரத்தோடு கூட்டிவரப் போனபோது நானே கண்டேன். பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்காமல், மற்றப் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதனால்தான், ஒக்டோபரில் ஒருநாள் அவள் படியேறி ஓடி வந்து சொன்னபோது என்னால் மறுக்க முடியவில்லை.

“அம்மா, ஹலோவீனுக்கு எங்கட வகுப்பு மெலானி ஆக்கள் வேசம் போட்டு இனிப்பு வாங்க வீடு வீடாப் போகினம். என்னையும் வரட்டாம்.”

“போவன்.”

“எல்லாரும் மிருக உடுப்பு. கடையில வாங்கேலாது, வீட்டில தைச்சதாத்தான் இருக்கோணுமாம். எங்கட அம்மா தையல்காரி, நரி தைச்சுத் தருவா எண்டு சொல்லிப்போட்டன்.”

“கேக்காமல் சொல்லிப்போட்டீங்களோ?”

“ஓம்,” என்றாள். பிறகு சின்னக் குரலில், “நரியா வராட்டில் என்னைச் சேர்க்காயினம் அம்மா.”

நரிக்கு ரோமத் துணி வேண்டும். பழைய போர்வை ஏதும் கிடைக்குமா என்று பார்க்கத்தான் நிலவறைக்கு இறங்கினேன். மின்குமிழ் மங்கலாக எரிந்தது. கம்பிக் கூட்டுக்குள் ஒரு இரும்புக் கட்டில், உடைந்த விளக்கு, கரி அள்ளும் வாளி. மூலையில், சுவரில் அடித்த ஆணியில், வெள்ளைப் படுக்கைச்சீலையால் சுற்றி ஏதோ தொங்கியது. பூச்சி உருண்டை மணம்.

சீலையைப் பிரித்தேன்.

ஒரு நரி என்னைப் பார்த்தது.

கறுப்புப் பொத்தான் கண்கள். நிமிர்ந்த காது. பின்னால் பொம்மென்று ஒரு வால். தலையும் உடம்பும் ஒன்றாகச் சேர்ந்த உடுப்பு. பாதிதான் தைத்திருந்தது. ஒரு கை தோளோடு நின்றது, வயிற்றுப்பக்கம் கழுத்திலிருந்து கீழ்வரை திறந்தே கிடந்தது. கடைசித் தையலில் ஊசி அப்படியே குத்தியிருந்தது. துருப்பிடித்த ஊசி. அதில் செம்மண் நிறத்தில் பருத்தி நூல் தொங்கியது.

விரலால் அளந்து பார்த்தேன். ஆரணிக்கு அளவெடுத்தது போலவே இருந்தது.

பாதி வேலை மிச்சம் என்று சந்தோசப்பட்டேன். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது.

ஊசியை இழுத்தேன், வரவில்லை. பலமாக இழுத்தபோது முறிந்தது. முறிந்த முனை என் விரலில் ஏறியது.

அன்று பின்னேரமே யன்னலடிக் கதிரையில் இருந்துகொண்டு தைக்கத் தொடங்கினேன். அந்தத் துணியின் தடிப்புக்கு என் வீட்டு மெசின் சரிவராது, கையால்தான் தைக்க வேண்டும். முன்னர் தைத்தவவின் தையலைப் பார்த்தேன். சின்னச் சின்னத் தையல், ஆனால் எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. இடக்கைக்காரி. தையல் என்பது கையெழுத்து மாதிரி. என் தையலும் அவவின் தையலும் ஒரே துணியில் இரண்டு பக்கம் சாய்ந்து நின்றன.

கையை முழங்கை வரை தைத்துவிட்டு, ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, மறுநாள் கடைக்குப் போனேன். வரும்போது ஆரணியையும் கூட்டிக்கொண்டு வந்தேன்.

நான் தைத்தது முழுக்கப் பிரிந்திருந்தது.

அறுந்து அல்ல. பிரிந்து. என் நூலை ஒரு வெட்டுக்கூட இல்லாமல் உருவி, சின்ன உருண்டையாகச் சுற்றி, கதிரையின் கைப்பிடியில் வைத்திருந்தது.

மதீசன் அன்று வேலைக்குப் போகப் பிந்தியவர். வந்ததும் கேட்டேன்.

“இஞ்சருங்கோ, அந்தத் தையலை நீங்களோ பிரிச்சது?”

“எனக்கு வெங்காயம் உரிக்கத்தான் தெரியும்,” என்றார், சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு. “நீர் நித்திரைத் தூக்கத்தில பிரிச்சிருப்பீர்.”

மறுபடி தைத்தேன். மறுநாளும் பிரிந்திருந்தது. அதே உருண்டை. அதே கைப்பிடி.

மூன்றாம் முறையும் தைத்து வைத்துவிட்டு, நான் குசினியில் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். ஆரணி என் பக்கத்தில் மேசையில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தாள். வெளியே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கடுகு வெடித்து அடங்கியது.

அதற்குப் பிறகுதான் கேட்டது.

தடித்த துணிக்குள்ளால் நூலை மெல்ல இழுக்கும் சத்தம். இருபது வருசம் தைக்கிறேன், எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.

அறைக்குள் போனேன். ஒருத்தரும் இல்லை. நரி கதிரையில் மடியில் படுத்த பூனை மாதிரிச் சுருண்டு கிடந்தது.

கதிரையில் கை வைத்தேன்.

சூடாக இருந்தது.

அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம். துணியைத் திரும்பக் கொண்டுபோய் ஆணியில் மாட்டியிருக்கலாம். ஆனால் ஹலோவீனுக்கு நாலைந்து நாள்தான் இருந்தது. ஆரணி பள்ளிக்கூடத்தில் இருந்து வந்து, “மெலானி இண்டைக்கு என்னோட இருந்து சாப்பிட்டவள்,” என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் செப்டெம்பருக்குப் பிறகு காணவில்லை.

அதனால் நரியை ஒரு பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த பெரிய மெசினுக்கு எந்தத் துணியும் சரி. கை, கால், உள்துணி எல்லாம் தைத்தேன். வயிற்றுப்பக்கத்துக்கு ஒரு நீள சிப் வைத்தேன். ஒரு தையலும் பிரியவில்லை. வீட்டுக்குள் கொண்டுவராமல் கடையிலேயே தொங்கவிட்டேன். முதலாளி நரியைப் பார்த்து, கோழி வளர்க்கிற ஆக்கள் இந்தத் தெருவில் இல்லை, பயமில்லை என்றார்.

ஹலோவீனுக்கு முதல்நாள் போட்டுப் பார்க்க வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆரணி உள்ளே புகுந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். கால் மடிப்பு ஒரு இடத்தில் கழன்றிருந்தது.

“கழட்டுங்கோ, ஒரு தையல் போட்டுத் தாறன்.”

“நிண்டபடியே தையுங்கோவன் அம்மா.”

“உடம்பில கிடக்கிற உடுப்பில தைக்கிறேல்லை, பிள்ளை.”

“ஏன்?”

“செத்த ஆக்களுக்குத்தான் அப்பிடித் தைக்கிறது.”

“அவசரம் எண்டால்?”

“அவசரம் எண்டால் ஒரு நூல்த்துண்டைப் பல்லால கடிச்சுக்கொண்டு நிக்கோணும்.”

“ஏன் கடிக்கோணும்?”

“சவம் கடிக்காதெல்லோ,” என்றேன்.

அவளுக்கு அது பெரிய பகிடியாகப் போய்விட்டது. சிரித்துக்கொண்டே கழற்றினாள். பிறகு கையை நீட்டி, நரியின் கையோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

“எனக்கு அளவு சரி அம்மா. அவனுக்குத்தான் கொஞ்சம் கட்டை.”

“ஆருக்கு?”

தோளைக் குலுக்கினாள். கண்ணாடிக்குள் யன்னலடிக் கதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு மாற்றிய கிழமை அது. தெருவில் பனிமூட்டம் இறங்கி, விளக்குகள் மங்கித் தெரிந்தன. கீழே மணி அடித்தது. மெலானியும் இன்னும் நாலு பிள்ளைகளும் முயலாகவும் கரடியாகவும் நின்று ஆரணியைக் கூப்பிட்டார்கள்.

ஆரணி உடுப்பைப் போட்டுவிட்டாள். சிப்பை மேலே இழுத்தேன். நெஞ்சு வரை வந்தது. பிறகு நான் பார்த்துக்கொண்டிருக்கவே, கீழிருந்து ஒவ்வொரு பல்லாக விட்டது. யாரோ உள்ளேயிருந்து விரலை விட்டுத் திறப்பதுபோல. சிப்பின் தலை கழன்று என் கையில் வந்தது.

“அம்மா, போகப்போகினம்.”

“பொறுங்கோ.”

“விட்டிட்டுப் போகப்போகினம் அம்மா.” அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஊசியில் நூலைக் கோர்த்தேன். ஒரு துண்டு நூலை வெட்டி அவள் வாயில் வைத்தேன். “கடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. அசையாதேங்கோ.”

கீழிருந்து மேலே தைத்தேன். நெஞ்சுக்கு வந்தபோது மறுபடி மணி அடித்தது. ஆரணி, “வாறன், நில்லுங்கோ,” என்று கத்தினாள்.

நூல்த்துண்டு வாயிலிருந்து விழுந்தது.

கழுத்தடியில் கொஞ்ச இடம்தான் மிச்சம். குனிந்து நூலைத் தேட எனக்கு நேரமில்லை. அந்தக் கொஞ்சத்தையும் தைத்து, முடிச்சுப் போட்டு, அறுத்தேன்.

எனக்குப் பின்னால் யாரோ மூச்சை உள்ளே இழுத்ததுபோல ஒரு சத்தம்.

ஆரணி படியிறங்கி ஓடிவிட்டாள். கீழே நொவாக்கின் கதவு திறந்தது. பிறகு ஒரு பாத்திரம் விழுந்து இனிப்புகள் சிதறும் சத்தம்.

நான் இறங்கிப் போனேன். பிள்ளைகள் தெருவுக்குப் போய்விட்டார்கள். நொவாக் வாசலில் இனிப்புகளின் நடுவே நின்றா.

“அதை எங்க எடுத்தனி?”

“கீழ, நிலவறையில.”

“பாதியில எல்லோ கிடந்தது?”

“நான் முடிச்சிட்டன்.”

அவ படியில் குந்திவிட்டா. சிகரெட் பற்ற வைக்கப் பார்த்தா. முதல் குச்சி அணைந்தது.

“ஹன்னலோரவுக்கு ஒரு பெடியன்,” என்றா. “யோர்க். எட்டு வயசு. கார்னவால் திருவிழாவில வேசம் போட நரி வேணுமெண்டு நிண்டவன். அவ தைச்சுக்கொண்டிருக்கேக்க அவனுக்கு நெஞ்சில சளி கட்டினது. ஒரு கிழமை, ஏழு நாள். அவ்வளவுதான். அதுக்குப் பிறகு அவ தைக்கிறதை விடேல்லை. தைப்பா, பிரிப்பா. தைப்பா, பிரிப்பா. என்னடி செய்யிறாய் எண்டு நான் ஒருநாள் கேட்டன்.”

“என்ன சொன்னவ?”

“முடிக்காட்டில் அவன் அளவு பாக்க வருவான் எண்டு சொன்னவ. முடிச்சால் போட்டுக்கொண்டு போயிடுவானாம்.”

படிக்கட்டு விளக்கு தானாக அணைந்தது. அந்த வீடுகளில் அது அப்படித்தான், கொஞ்ச நேரத்தில் அணையும். நான் சுவிச்சை அமத்தி மறுபடி எரியவிட்டேன்.

“வாறவனோ?” என்று கேட்டேன்.

“நான் கேக்கேல்லை,” என்றா. “ஆனால் முப்பது வருசம் கீழ இருந்தனான். பின்னேரத்தில மேல ரெண்டு பேர் சிரிக்கிற சத்தம் கேக்கும்.”

ஆரணியைக் கூட்டிவரப் போகிறேன் என்றேன். நொவாக் தானும் வருவதாகச் சொல்லி மேலங்கியை எடுக்க உள்ளே போனா. நான் என் மேலங்கிக்காக மேலே ஓடினேன். கதவைத் திறந்து கையை உள்ளே விட்டேன்.

பின்னால் படியில் காலடி கேட்டது. சின்னக் காலடி.

திரும்பினேன். நரி ஏறி வந்துகொண்டிருந்தது.

“அப்பாடா,” என்றேன். “ஏன் பிள்ளை கெதியா வந்திட்டீங்கள்? சண்டை பிடிச்சனீங்களோ?”

வாசலில் வந்து நின்றது. தலைத்துணி முகத்தை முழுக்க மூடியிருந்தது. பொத்தான் கண்கள் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி, அறைக்குள், யன்னலடிக் கதிரையைப் பார்த்தன.

கைகளை இரண்டு பக்கமும் விரித்தது. மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது. புது உடுப்புப் போட்ட பிள்ளை தாய்க்குக் காட்டுமே, அப்படி.

நரியின் கை, மணிக்கட்டுக்கு மேலே நின்றது.

கொஞ்சம் கட்டை.

கரி மணம். நனைந்த கரி மணம் படி முழுக்க.

நரி ஒருமுறை தலையை ஆட்டியது. பிறகு திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கியது. தெருக் கதவு திறந்து மூடியது.

எனக்குப் பின்னால், ஒருத்தரும் இல்லாத அறையில், ஏதோ விழுந்து உருண்டது. என் காலடியில் வந்து நின்றது. தைக்கும்போது விரல்நுனியில் மாட்டுகிற தகரத் தொப்பி. என்னிடம் அப்படியொன்று இல்லை.

அதற்குப் பிறகு கதிரை அசையத் தொடங்கியது. மெதுவாக, முன்னும் பின்னும். வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற ஒருத்தி இருந்தால் எப்படி அசையும், அப்படி.

“அம்மா.”

கீழிருந்து ஆரணியின் குரல். நான் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. நொவாக் அவளைத் தன் மேலங்கிக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றா. பிள்ளை உள்சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்தாள்.

“உடுப்பு எங்க?”

“அவன் தன்ரை எண்டு கேட்டவன். குடுத்திட்டன்.”

“எப்பிடிக் கழட்டினனீங்கள்? நான் தைச்செல்லோ விட்டனான்.”

“கழுத்தடியில தானாப் பிரிஞ்சது அம்மா. அம்மாட்டைக் காட்டிப்போட்டுப் போகோணுமாம்.” பற்கள் அடித்துக்கொண்டன. “எந்த அம்மா எண்டு நான் கேக்கேல்லை.”

மறுநாள் ஜெர்மன்காரர் செத்தவர்களுக்கு விளக்கு வைக்கும் நாள். நொவாக்கோடு நானும் மயானத்துக்குப் போனேன். சிவப்புக் கண்ணாடி விளக்குகள் பனிமூட்டத்துக்குள் எரிந்தன. யோர்க்கின் கல் சின்னது. பக்கத்தில் ஹன்னலோரவின் மண் இன்னும் இறுகவில்லை. மகனுக்கு ஒரு விளக்கு, தாய்க்கு ஒரு விளக்கு வைத்தோம். மகனுடையது நேராக எரிந்தது. தாயுடையதை நொவாக் மூன்று தரம் பற்ற வைத்தா. நிற்கவில்லை.

“அவன் போயிட்டான்,” என்றா. “இனி ஆருக்கு அளவு பாக்கப் போறாள், பாவம்.”

மதீசனிடம் எல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வேறு வீடு பார்ப்போம் என்றார். ஆனால் உடனே எங்கே கிடைக்கும். யன்னலடிக் கதிரையைத் தூக்கி ரோட்டோரம் வைத்தார். மத்தியானத்துக்குள் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் வீட்டில் தைப்பதை விட்டேன். சத்தம் ஒன்றும் இல்லை. மெலானி இரண்டு நாளுக்கு ஒருமுறை விளையாட வந்தாள். ஆரணி சந்தோசமாகப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

முதல் வெண்பனி விழுந்த காலை, அவளை எழுப்பப் போனேன். யன்னலால் வெள்ளை வெளிச்சம் வந்து கட்டிலில் விழுந்திருந்தது. தலையணையில், அவள் வாயருகில், ஈரமாக ஏதோ ஒட்டிக் கிடந்தது.

எடுத்துப் பார்த்தேன். கடித்துச் சப்பிய ஒரு துண்டு நூல். செம்மண் நிறம்.

“ஆரணி,” என்றேன். “இதை ஏன் வாயில வைச்சனீங்கள்?”

அவள் கண்ணைத் திறக்காமலே முறுவலித்தாள்.

“தைக்கேக்க கடிக்கோணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

போர்வையை விலக்கினேன். அவளுடைய இரவுச் சட்டையின் தோளில் தொடங்கி, கை நீளத்துக்கு, சின்னச் சின்னத் தையல். எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. முழங்கையில் ஊசி குத்தியபடி நின்றது. முடிச்சுப் போடவில்லை.

“ஆர் பிள்ளை தைக்கிறது?”

“அந்த அம்மா,” என்றாள் ஆரணி நித்திரைக்குள். “இண்டைக்கு இவ்வளவும் போதுமாம். என்னை நாளைக்கும் அளவு பாக்க வரட்டாம்.”